'தானே' என்று கேட்காதவர்

மண்ணில் மறைந்து கிடந்த பொருள் ஒன்றைக் கண்டெடுத்தவர், அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் புதையல் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஏரிக்கரையில் குப்புறக் கிடந்த ஒரு பலகைக் கல் பத்து ரூபாய்க்கு மேலா கீழா என்பதை யார் முடிவு செய்வது என்று அது சொல்லவில்லை. தெரிவித்தவருக்குப் பதில் தர வேண்டும் என்பதற்கும் விதி உண்டு, கால வரம்போடு. நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் விதிப் புத்தகத்தோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இரண்டையும் உட்பிரிவோடு சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை.

பார்மசி அம்மாவுக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று. கேள்வியில் 'தானே' வரக் கூடாது.

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் நிறுவன மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால். ஊருக்கே 'பார்மசி அம்மா'. சீட்டை வாங்குவார், பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்துவார். "இது என்ன?" என்பார். அவர் சொன்ன பிறகுதான் கை அலமாரிக்குப் போகும். எழுத்து புரிகிற சீட்டுக்கும் இதே சடங்கு. வரிசை நகராது. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்து நின்ற ஒருவர் ஒருநாள் பொறுமை இழந்தார்.

"படிக்கத் தெரியாதவங்கள உக்கார வச்சா இப்படித்தான்."

"படிக்கத் தெரியும்ணே. தப்பாவும் படிக்கத் தெரியும். அதான்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

சில சமயம் சீட்டு எழுதிய டாக்டருக்கே போன் போகும். ஒரு முறை நான் ஜன்னலில் நிற்கும்போதே பேசினார். "டாக்டர், ரெண்டாவது வரியில என்ன எழுதியிருக்கீங்க?" அந்தப் பக்கத்தில் டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்லி, "அதுதானேம்மா, இதுகூடவா தெரியல?" என்று கத்தியது எனக்கே கேட்டது. "எனக்குத் தெரியுது டாக்டர். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். இதற்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்க விதியில் இடம் உண்டா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். இல்லை.

பேருந்து நிறுத்தத்திலும் அப்படித்தான். எல்லோரும் "மெயின் பஜார் வண்டிதானே?" என்று ஏறுவார்கள். அவர், "இது எங்க போற வண்டி?" என்பார். நடத்துநர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "நீங்க எங்கம்மா போணும், அத சொல்லுங்க, அங்க உடறோம்" என்பார் ஒருவர். அவர் சிரிப்பார். சொல்ல மாட்டார். நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகுதான் ஏறுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதிதாகக் குடிவந்த குவார்ட்டர்ஸ்காரிகள், "பசங்க வெளியூர்ல படிக்கிறாங்கதானே?" என்று பேச்சைத் தொடங்கினால் அதற்கும் அதே சிரிப்பு.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் பழக்கம் நெருங்கியது. நகரியத்தில் எங்கள் வட்டத்து மனமகிழ் மன்றத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை உண்டு. ஆடுவதற்கு ஆள் கிடையாது. ஞாயிறு காலையில் வலையைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றி மூன்று பேர் உட்காருவோம், பிற்பாடு நாலு பேர். பழைய செப்புப் பட்டயத்தின் நகல், யார் வீட்டுப் பரணிலோ கிடந்த ஓலை, கோயில் மணியில் தேய்ந்த எழுத்து, எது கிடைத்தாலும் சேர்ந்து படிப்பது. அவர் கொண்டுவந்த ஏற்பாடு என்னவென்றால், ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. தனக்குத் தெரிந்ததை எழுதி உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். எல்லோரும் மூடிய பிறகு திறக்க வேண்டும். இருப்பவர்களில் குறைவாகப் படித்தவர் முதலில் பேச வேண்டும், அதிகம் படித்தவர் கடைசியில். படைத்துறை விசாரணைகளில் இளையவர் முதலில் கருத்துச் சொல்லும் மரபு உண்டு என்று நான் சொன்னபோது, "அப்படியா சார், நல்ல ஆளுங்க போல" என்றார். தப்பான வாசிப்பு என்று எதையும் அடிக்க விடமாட்டார். எழுதியவரே திரும்பப் பெற்றால்தான் உண்டு. இதனால் எங்கள் மன்றத்தில் ஒரு கோயில் மணிக்கு மூன்று வாசிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது.

மேசையில் யாராவது வாய் தவறி, "இது மகரம்தானே?" என்று கேட்டுவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். "தானேன்னு கேட்டா ஆமான்னுதான் வரும்."

"நம்ம ஜில்லாவுக்கு தானே பண்ணது பத்தாதா? அந்தப் பேருல ஒரு புயல் வந்து எங்க முந்திரி, பலா அத்தனையும் சாச்சிட்டுப் போச்சு. அம்மா சொல்றது சரிதான், அந்த வார்த்தையே வேணாம்" என்பார் பக்கிரிசாமி. சுரங்கத்தில் பம்ப் பிரிவில் இருந்தவர். நிலக்கரிக்குக் கீழே ஊறும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும். அவருடைய சர்வீஸ் முழுக்க அதில் போயிற்று.

நாலாவதாகச் சேர்ந்தவள் காசாம்பு. நகரியத்துப் பூங்காவில் காண்ட்ராக்ட் வேலை. எங்கள் மேசைக்கு அவளை அழைத்து வந்தவர் பார்மசி அம்மா. அழைத்து வரக் காரணம் அந்தக் கல்.

காசாம்புவின் ஊர் சுரங்கத்துக்காகக் காலியாகிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் மாற்றுக் குடியிருப்புக்குப் போயாயிற்று. ஏரி மதகுக்குக் கீழே படிக்கட்டாகக் கிடந்த ஒரு கல்லை, போகும்போது எடுத்துப்போகலாம் என்று ஊர்ப் பெண்கள் புரட்டியிருக்கிறார்கள். அடிப்பக்கத்தில் ஒரு பெண் உருவம், அதன் கீழே எழுத்து. காசாம்பு அதை மருந்து ஜன்னலில் பழகிய முகத்திடம் வந்து சொன்னாள். சொல்ல வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இங்கேதான் வந்திருப்பாள்.

ஒரு ஞாயிறு போனோம். ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுத்தோம். தேய்ந்த இடங்களுக்குப் பார்மசி அம்மா தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒளி பக்கவாட்டில் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மேலே ஒரு பெயர் இருந்த இடம் உடைந்து போயிருந்தது. அதற்குக் கீழே, யாரோ ஒருவன் மகள், பிறகு ஒரு சொல், பிறகு 'புக்காள்'. புகுந்தாள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம். பழைய கல்லெழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ஆக, கல்லில் இருப்பது 'எரி' என்றும் படிக்கலாம், 'ஏரி' என்றும் படிக்கலாம். எரி புக்காள் என்றால் தீயில் இறங்கினாள். உடன்கட்டை. ஏரி புக்காள் என்றால் ஏரியில் இறங்கினாள். கரை உடைந்தபோது அடைக்க இறங்கியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு சீட்டுகள் திறந்தன. காசாம்பு எட்டாவது வரை படித்தவள். பழைய எழுத்தை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டு, பிறகு எழுதினாள்: ஏரி. பக்கிரிசாமி: ஏரி. நான்: எரி. எரி புகுதல் என்பது நல்ல தமிழில் நெடுங்காலமாக உள்ள வழக்கு. பெண் உருவத்தின் உயர்த்திய கையில் உருண்டையாக ஒன்று இருந்தது, உடன்கட்டைக் கற்களில் எலுமிச்சம்பழம் பிடித்திருப்பதுபோல.

"எலுமிச்சம்பழமா? அது களிமண் உருண்ட சார். ஒடப்பு அடைக்கறவன் கையில வேற என்னா இருக்கும்?" என்றார் பக்கிரிசாமி.

பார்மசி அம்மா காசாம்புவிடம் திரும்பினார். "அந்தப் படியில நீங்க என்ன செய்வீங்க?"

"மஞ்சத்தண்ணி ஊத்துவோம்மா. ஏரி ரொம்பற வருசம் பூ போடுவோம். கற்பூரம் மட்டும் ஏத்த மாட்டோம். ஆத்தாளுக்கு ஆவாதும்பாங்க."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும்? ஆவாது, அவ்ளோதான்."

"பார்த்தீர்களா, நெருப்பில் போனவளுக்கு மறுபடியும் நெருப்பைக் காட்டுவார்களா?" என்றேன்.

"தண்ணீல எறங்கினவளுக்கு நெருப்பு எதுக்கு சார்?" என்றார் பக்கிரிசாமி.

ஒரே கற்பூரம், இரண்டு பேருமே அதைச் சாட்சிக்கு இழுத்துவிட்டோம். பார்மசி அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கை இன்னும் சீட்டின் மேல்தான் இருந்தது. "உங்களுது?" என்றார் பக்கிரிசாமி. கையை எடுத்தார். சீட்டு வெறுமையாக இருந்தது.

அதுவரை அவர் ஒரு சீட்டையும் வெறுமையாக விட்டதில்லை.

இதில் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று இருந்தது. உடன்கட்டையைப் பெருமைப்படுத்தக் கூடாது, அதற்குக் கோயில் எழுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். எரி என்று எழுதிவிட்டால், எந்த அதிகாரியும் அந்தக் கல்லைக் குடியிருப்புக்கு எடுத்துப்போய்க் கும்பிடுங்கள் என்று கையெழுத்துப் போட மாட்டார். கிடங்குக்குப் போகும். ஏரி என்றால் ஒரு தடையும் இல்லை. கல் காசாம்புவின் ஊரோடு போய்விடும். ஊரில் எடுத்துப்போக முடிந்தது வேறு என்ன மிச்சம்? ஏரி வராது.

ஆகவே நான் கடிதத்தை எழுதினேன். 'ஏரி புக்காள் எனத் தெளிவாகப் படிக்க முடிகிறது.' என் வாசிப்பை நானே திரும்பப் பெற்றிருந்தேன், அவருடைய விதிப்படியே. பக்கிரிசாமி கையெழுத்துப் போட்டார். காசாம்பு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். பார்மசி அம்மா படித்தார்.

"தெளிவாங்கற வார்த்தை எங்கேருந்து வந்துது சார்?"

"நடைமுறையிலிருந்து வந்தது. தெளிவில்லை என்று எழுதினால் பதில் வராது."

"தெளிவுன்னு எழுதினா?"

"வரும்."

"அப்ப நமக்குப் பதில் வேணுமா, என்ன இருக்குன்னு தெரியணுமா?"

காசாம்பு எழுந்துவிட்டாள். "எனக்குக் கல்லு வேணும்மா. செத்தவ எப்படிச் செத்தான்னு நீங்க இந்த மேசைய சுத்தி வருசம் முச்சூடும் பேசிக்கினே இருங்க. எங்க வூடு போச்சு, ஏரி போவப்போவுது. அவ ஒருத்தியாவது எங்களோட வரட்டுமேன்னு பாத்தா, நீங்களே கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க."

"நீ படிச்சத மறைக்கல காசாம்பு. ஏரின்னு நீ படிச்சத உன் பேர் போட்டே எழுதுவோம். இன்னொரு மாதிரியும் படிக்கலாம்னும் எழுதுவோம். எப்படிப் படிக்கறீங்கன்னு அவங்கள கேப்போம்."

"பேரு யாருக்கும்மா வேணும்?"

அவள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்ததும். பக்கிரிசாமிக்கும் எனக்கும் அவர்மேல் கோபம்தான். 'தெளிவாக' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஊரின் சாமியைத் தடுப்பது என்ன நியாயம்? அந்த இரண்டாவது ஞாயிறு, பேருந்து நிறுத்தத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எரிச்சலை மறைக்காமலே கேட்டேன்: "நீங்கள் எப்படித்தான் படிக்கிறீர்கள்?"

பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வேறெதையோ சொல்லத் தொடங்கினார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா சார். எங்க ஊர்ல, நான் இங்க வேலைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், ஆஸ்பத்திரில வாழையிலை மேல படுக்க வச்சிருந்தாங்க. வாக்குமூலம் வாங்க ஒருத்தர் காகிதத்தோட வந்தாரு. நல்ல மனுஷன், குரலக்கூட ஒசத்தல. 'ஸ்டவ்வு வெடிச்சுதுதானேம்மா?'ன்னு கேட்டாரு. அக்கா தலைய ஆட்டினா. எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

"வெடிக்கவில்லையா?"

"தெரியாது சார். வெடிச்சிருக்கலாம். என்ன நடந்துதும்மான்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கும் கேக்கத் தோணல."

பேருந்து ஒன்று வந்து நின்று போயிற்று. அவர் அது எங்கே போகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"இந்தக் கல்லுல எது இருக்கணும்னு எனக்கு ஆசைன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சீட்டுல எழுதல" என்றார்.

கடிதம் அவர் சொன்னபடியே, அவர் பெயரில், ஆட்சியருக்குப் போயிற்று. இரண்டு வாசிப்புகள், யார் எப்படிப் படித்தார்கள், எதனால், களிமண்ணும் எலுமிச்சையும், கற்பூரம் ஏற்றாத வழக்கமும் அதற்கு இரண்டு பொருளும். கடைசி வரியை அவரே எழுதினார்: 'தாங்கள் இதை எவ்வாறு படிக்கிறீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறோம்.' இப்படி முடியும் கடிதத்துக்குப் பதில் எழுத எந்தக் கோப்பிலும் மாதிரி கிடையாது. அதை அவரிடம் சொன்னேன். "புதுசா எழுதட்டுமே" என்றார்.

பதில் வரும்வரை கல்லை ஓர் அலுவலகத்தின் பின்கட்டுக் கிடங்குக்கு எடுத்துப்போனார்கள். சாக்குப் போட்டு மூடினார்கள். ஏரி இருந்த இடத்தில் மண்வெட்டும் எந்திரங்கள் வந்தன. காசாம்புவின் குடும்பம் மாற்றுக் குடியிருப்புக்குப் போயிற்று. பூங்காவில் அவளைப் பார்த்தால் பார்மசி அம்மா நின்று பேசுவார். அவள் களையைப் பிடுங்கிக்கொண்டே பதில் சொல்லுவாள், நிமிராமல். ஒருநாள் தன் தட்டிலிருந்து பாதி முறுக்கை நீட்டினாள். அதையே எங்களிடம் இரண்டு ஞாயிறு சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன், விதிப்படி. நினைவூட்டுக்கு நினைவூட்டும் அனுப்பினேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. இரண்டாவதில் பார்மசி அம்மாவுக்குச் சிறுநீரகம் நின்றுபோனது. பார்க்கப் போனேன். புதிதாக வந்த நர்ஸ் பெண் ஊசியைப் போட்டுவிட்டு, "வலி கொறஞ்சிருக்குதானேம்மா?" என்று கேட்டாள். அவருக்குப் பேச்சு தேய்ந்திருந்தது. இருந்தாலும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வலிக்குதான்னு கேளும்மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், கிழவி ஏதோ பிதற்றுகிறாள் என்று. பிறகு என்ன தோன்றியதோ, கட்டிலில் உட்கார்ந்தாள். "வலிக்குதாம்மா?"

"வலிக்குது" என்றார். அவ்வளவு நிம்மதியாக ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்லைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த அடைமழையிலேயே அவரை எடுத்தார்கள். சுடுகாட்டில், தகரக் கூரைக்குக் கீழே, விறகு பிடிக்கவில்லை. அவருடைய தம்பி மகன் என் பக்கம் குனிந்து, "பெரியத்த கஷ்டப்படாமதானே போனாங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. துக்கத்தில் வாயடைத்துப்போனேன் என்று நினைத்திருப்பான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கிரிசாமியும் நானும் வலையைக் கழற்றுவோம். எதிரெதிரே உட்காருவோம். இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு மூடித் திறப்பதில் ஒன்றுமில்லை. பேப்பர் படித்துவிட்டு வலையைத் திரும்பக் கட்டிவிட்டு வருவோம்.

பதில் வந்தது. தபால்காரர் மன்றத்திலேயே கொடுத்தார். பெறுநர் இடத்தில் அவருடைய பெயர். ஒரே பத்தி. 'பார்வையில் காணும் தங்கள் கடிதத்தில் கண்டுள்ள கல், உடன்கட்டைக் கல்தானே என்பதை உறுதி செய்து தெரிவிக்கும்பட்சத்தில் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.'

பக்கிரிசாமி படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார். "இதப் பாக்க அம்மா இல்லாம போனதே நல்லது" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சாயங்காலம் காசாம்பு வந்தாள். வர வேண்டும் என்று பக்கிரிசாமி ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். தலை ஈரம் காயவில்லை, நெற்றி நிறைய மஞ்சள். சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றுக்குக் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் போய்விட்டு வந்திருந்தார்கள்.

"எல்லா சாமியையும் வேன்ல ஏத்திக்கினு போயி, ஆத்துல முழுக்காட்டிட்டு வரோம் சார். அவள மட்டும் வுட்டுட்டு."

கடிதத்தை நீட்டினேன். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, படித்தாள். 'தானே' வந்த இடத்தில் விரல் நின்றது.

"இல்லை என்று ஒரு வரி எழுதிவிடலாம் காசாம்பு" என்றேன். "இல்லை, ஏரிதான் என்று. அதோடு முடிந்துவிடும். இப்போது தடுக்க யாரும் இல்லை."

அவள் மேசையைப் பார்த்தாள். நாலாவது நாற்காலியைப் பார்த்தாள். ஈர முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அத்தன பெரிய ஆபீசுல அந்தம்மா மாதிரி கேக்க ஒருத்தருகூடவா சார் இல்ல?" என்றாள். பிறகு உட்கார்ந்தாள். "திருப்பி எழுதுங்க. தானேன்னு கேக்காதீங்க, வந்து கல்ல பாத்துட்டு என்னான்னு கேளுங்கன்னு எழுதுங்க. நான் முதல்ல கையெழுத்துப் போடறேன்."

"இன்னும் இரண்டு மழைக்காலம் ஆகலாம்."

"ஆவட்டும். அவ படுத்துக்கினுதான இருக்கா" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிக்கம்மா" என்றாள், வெறும் நாற்காலியிடம்.

வந்த கடிதத்தின் மூலையில் மன்றத்தின் 'பெறப்பட்டது' முத்திரையைக் குத்தினேன். அதற்குக் கீழே தேதியை எண்ணால் எழுத வேண்டும் என்பது விதி. சர்வீஸில் ஒருநாளும் மீறியதில்லை. மூடியைக் கழற்றிப் பேனாவைப் பிடித்தபடி சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, எழுத்தால் எழுதினேன்: மாசி மகம்.